வால்வில் தார் ஒட்டுகிறதா? ஃபில்டரை விடுங்கள், தேங்காய்த் தொட்டியைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். உடுமலைப் பக்கம் எட்டு ஏக்கர் தென்னை வைத்திருக்கிறேன். கொப்பரைக் களமும், 3 குதிரைத்திறன் மோட்டாரில் ஓடும் செக்கும் உண்டு. தேங்காய்த் தொட்டியை (சிரட்டையை)ப் போட்டுக் கரண்டு எடுக்கலாம் என்று, தொட்டியை எரிவாயுவாக்கும் உலையான கேஸிஃபயர் ஒன்றை, 10 கிலோவாட்டில், டீசல் இன்ஜினோடு சேர்த்துப் போன ஆவணியில் வாங்கினேன். நாலு மாதத்தில் இரண்டு முறை இன்ஜினைப் பிரித்தாகிவிட்டது. தார் ஒட்டி வால்வு இறுகிவிடுகிறது. இன்னொரு ஃபில்டர் வைத்தால் சரியாகிவிடும், 40,000 ரூபாய் ஆகும் என்கிறார் விற்றவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இருக்கிற ஃபில்டரில் மரத்தூளை மாற்றுங்கள், துணிப்பையைத் துவைத்துக் காயப்போடுங்கள். ஃபில்டருக்கு அது போதும்.

தாருக்குக் காரணம் உலையின் கழுத்து, அதாவது உள்ளே குறுகும் இடம். தொட்டி சூடேறும்போது கிளம்பும் தார்ப்புகை, கழுத்தில் 1000 டிகிரிக்கு மேல் கனன்றுகொண்டிருக்கும் கரியைக் கடந்தால் உடைந்து எரிவாயுவாகிவிடும். கழுத்து ஆறிக் கிடந்தால் தார் தாராகவே இன்ஜினுக்குப் போகும். எத்தனை ஃபில்டர் வைத்தாலும் அத்தனையையும் அது அடைக்கும். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களைக் கரிவாயுவில் ஓட்டினார்கள். பச்சை விறகைப் போடாமல் கரியைப் போட்டது சும்மா இல்லை. கரி சுடும்போதே தார் பெரும்பாலும் போய்விடும்.

கழுத்து ஏன் ஆறுகிறது? முதல் காரணம் ஈரம். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது, கேட்பவர்களுக்குத்தான் அலுக்கிறது. “கொப்பரை காய்ந்த தொட்டிதானே” என்பீர்கள். களத்தில் காய்ந்தது சரி, அப்புறம் ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் அது எங்கே கிடந்தது? குவியலின் மேலாக எடுக்காமல், அடியில் கையை விட்டு 1 கிலோ எடுங்கள். மளிகைக்கடைத் தராசு போதும். சிமென்ட் களத்தில் பரப்பி, எடை குறைவது நிற்கும்வரை வெயிலில் காயவிட்டு மறுபடி நிறுங்கள். 900 கிராமுக்குக் கீழே இறங்கினால் அந்தக் குவியல் உலைக்கு ஆகாது. தரையில் கொட்டாமல் பலகை அடித்து அதன்மேல் போடுங்கள், சாயங்காலமானால் மூடுங்கள். நீங்கள் செலவு செய்ய வேண்டியது ஃபில்டருக்கு அல்ல, ஒரு தகரக் கொட்டகைக்கு.

அரைத் தொட்டியை அப்படியே போடுகிறீர்களா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. போட்டால் கிண்ணம் அடுக்கியதுபோல ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்து நடுவில் பாலம் கட்டிக்கொள்ளும்; கீழே வெற்றிடம், மேலே புகை. இரண்டு விரல் அகலத்துக்கு உடைத்து, நாரைச் சீவிப் போடுங்கள். மட்டையைச் சேர்க்கவே வேண்டாம். அதில் சாம்பல்சத்து அதிகம், சாம்பல் உருகிக் கட்டியாகிக் கழுத்தில் பிடித்துக்கொள்ளும்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. 3 குதிரைத்திறன் செக்குக்கு 10 கிலோவாட் இயந்திரத்தை யார் தலையில் கட்டினார்கள்? உங்கள் மோட்டார் இழுப்பது இரண்டு கிலோவாட் சொச்சம். கால் பங்கு சுமையில் ஓடினால் இன்ஜின் வாயுவை உறிஞ்சுவது குறையும்; உலைக்குள் காற்று குறையும்; கழுத்து சூடேறவே ஏறாது. காய்ந்த தொட்டியைப் போட்டாலும் தார் வரும். மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சியில் குடிநீர் பம்புக்கு 9 கிலோவாட் கேஸிஃபயர் வைத்தார்கள். பம்பு என்பது ஏறி இறங்காத சுமை, இந்த இயந்திரத்துக்குப் பிடித்த தீனி. செக்கு, நாலு விளக்கு, ஒரு மிக்ஸி அப்படியல்ல. எந்தத் தொட்டியைப் போட்டாலும் ஓடும் என்று சொல்லி விற்பவரிடம், எத்தனை சுமைக்குக் கீழே ஓட்டக்கூடாது என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு மானியத்துக்குத் தாவிவிடும். ஒரு எண்ணெய் ஆலையில் இப்படி வாங்கிப்போட்ட இயந்திரத்தில் தொட்டி கொட்டும் ஹாப்பருக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஐந்து லட்ச ரூபாய்க் கூண்டு என்று ஆலைக்காரரே சிரித்தார்.

கணக்கையும் போடுங்கள். நல்ல சுமையில் ஓடினாலே ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ தொட்டி போகும், கூடவே கொஞ்சம் டீசல். உங்களுக்குக் கால் சுமையில் அதற்கும் மேலே. தொட்டி குப்பை என்று யார் சொன்னது? காங்கேயம், பொள்ளாச்சி கரிச்சூளைக்காரர்கள் களத்துக்கே வந்து எடுத்துக்கொள்கிறார்கள். கிலோ 10 ரூபாய் என்று வைத்தாலும், 10 ரூபாயை எரித்து ஒரு யூனிட் எடுக்கிறீர்கள். டீசல், இன்ஜின் பிரிப்பு, ஆள் கூலி தனி. செக்கு மீட்டரில் யூனிட்டுக்கு என்ன விழுகிறது என்று எடுத்துப் பாருங்கள். எனக்கென்னவோ தொட்டியை விற்றுவிட்டுக் கரண்டு பில்லைக் கட்டுவதுதான் லாபம் என்று படுகிறது.

இல்லை, வாங்கியாகிவிட்டது, ஓட்டித்தான் பார்ப்பேன் என்றால், கரண்டு போகிற நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செக்கோடு கொப்பரை வெட்டும் மோட்டாரையும் சேர்த்து, பாதிச் சுமைக்கு மேல் வரும்படி ஓட்டுங்கள். வாயுவை முதலில் வெளியே கொளுத்திவிடுங்கள். வெள்ளைப்புகை நின்று, தீ அணையாமல் சீராக நின்ற பிறகே இன்ஜினுக்குத் திருப்புங்கள். வாயு கழுவிய கறுப்புத் தண்ணீரைத் தென்னம்பாத்தியில் விட வேண்டாம், அதில் ஃபீனால் என்ற நச்சு இருக்கிறது. அந்த வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு என்ற உயிர்க்கொல்லி வாயு, அதற்கு மணமே கிடையாது. நாலு பக்கமும் திறந்த கொட்டகையில்தான் இயந்திரம் நிற்க வேண்டும். தொட்டி போடுகிற ஆள் ஹாப்பர் வாய்க்குள் முகத்தை நீட்டிப் பார்க்கக் கூடாது, ராத்திரி அங்கே படுக்கவும் கூடாது.