வெட்டித்தான் செய்தி சொல்கிறது த்ராம்பின்

கேள்வி: த்ராம்பின் என்றால் இரத்தத்தை உறையவைக்கும் நொதி என்றுதான் படித்தோம். அது இரத்தக் குழாயின் செல்களுக்கும் உத்தரவு போடும் என்று என் மகளின் நர்சிங் வகுப்பில் சொன்னார்களாம். வெட்டுகிற நொதிக்குச் செய்தி சொல்லத் தெரியுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தெரியும் அம்மா, வெட்டித்தான் சொல்கிறது. ஃபைப்ரினோஜனை நறுக்கி ஃபைப்ரின் இழையாக்கும் அதே த்ராம்பின், குழாயின் உட்சுவர் செல்களில் நீட்டிக்கொண்டிருக்கும் பார்-1 என்ற ஏற்பியின் (வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கிச் செல்லுக்குள் சொல்லும் புரதத்தின்) நுனியையும் நறுக்குகிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஷான் காஃப்லினின் ஆய்வகம் 1991-இல் இதை வெளியிட்டது. ஹார்மோன் வெளியிலிருந்து வந்து ஏற்பியில் பொருந்தும் என்றே நாங்களெல்லாம் மனப்பாடம் செய்திருந்தோம். இங்கே சாவியை முந்தானையில் முடிந்துவைத்திருப்பது பூட்டேதான். 41-ஆவது அமினோ அமிலத்தை அடுத்து வெட்டு விழுந்ததும், மறைந்திருந்த புது நுனி வெளிப்பட்டு, மடங்கி வந்து அதே ஏற்பியில் பொருந்திக்கொள்கிறது. வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. அந்த ஏற்பியின் ஆயுள் அத்தோடு சரி. செல் அதை உள்ளே இழுத்துச் சிதைத்துவிட்டுப் புதியதை மேலே அனுப்பும்.

செய்தி கிடைத்த செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. வைபல், பலாடே என்ற ஆய்வாளர்கள் 1964-இல் மின்னணு நுண்ணோக்கியில் கண்ட குச்சி வடிவப் பொதிகள் உடைந்து, வான் வில்லபிராண்ட் காரணி வெளியே கொட்டுகிறது. தட்டணுக்களைப் பிடித்து நிறுத்தும் பசை அதுதான். கூடவே செல்கள் சுருங்கி, நடுவில் இடைவெளி விழுந்து, பிளாஸ்மா கசிகிறது. காயத்தைச் சுற்றி வீங்குவதில் இதற்கும் பங்கு உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2001-இல் நடந்தது. பார்-1 இல்லாத எலிக் கருக்களில் ஏறத்தாழ பாதி, பிறக்கும் முன்பே இரத்தம் கசிந்து இறந்துவிடும். எலியின் தட்டணுக்களோ பார்-1-ஐ நம்பியிருப்பவை அல்ல, அதனால் குறையை அவற்றின்மேல் போட முடியாது. குழாயின் உட்சுவர் செல்களில் மட்டும் அந்த ஏற்பியைத் திரும்பக் கொடுத்ததும் கருக்கள் பிழைத்தன. உறைதலைப் பற்றிய பாடத்தில் குழாய்ச் சுவரை வெறும் தகரக் குழாய்போல வரைகிறவர்களிடம் இதைக் காட்டவேண்டும்!

வெட்டும் இடம் மாறினால் செய்தியும் மாறும். இரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் காக்கும் நொதியான தூண்டப்பட்ட புரதம் சி, அதே பார்-1-ஐ 46-ஆவது இடத்தில் வெட்டுகிறது. அப்போது செல்கள் நெருங்கி நின்று கசிவை அடைக்கின்றன.

கேள்வி: அந்த ஏற்பியை மாத்திரையால் அடைத்தால் மாரடைப்பைத் தடுக்கலாமே?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: அடைத்துப் பார்த்தாயிற்று. வோராபாக்சார் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2014-இல் அனுமதி தந்தது. மனிதத் தட்டணுக்களின் பார்-1-தான் அதன் குறி. மாரடைப்பு வந்தவர்களுக்கு ஓரளவு பலன் கிடைத்தது, ஆனால் இரத்தக்கசிவு கூடியது. பக்கவாதம் வந்தவர்களுக்கு மூளையில் கசியும் அபாயம் என்பதால், அவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது.