ரோஸ் நிலா: கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

நான் ஃபேன்டஸி ஓவியம் வரையுறவன். டிராகன், பறக்குற மீன், வேரால நடந்து போற மரம், இந்த மாதிரி. கேலரி, ஏஜென்ட் யாரும் கிடையாது, வரையுறதும் விக்கிறதும் நானேதான். போன மாசம் முதல் தடவையா தனியா ஒரு கண்காட்சி வச்சேன். 22 ஒரிஜினல், ஓரமா ஒரு மேசைல பிரிண்ட். வந்தவங்க ஒரிஜினல் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு, போறப்ப பிரிண்ட் வாங்கிட்டுப் போனாங்க. பிரிண்ட் 60 போச்சு, ஒரிஜினல் ஒண்ணே ஒண்ணு. இத்தனைக்கும் நான் போடுற ஃப்ளோரசன்ட் ரோஸும் ஊதாவும் அப்படியே எரியுற மாதிரி இருக்குன்னு எல்லாருமே சொன்னாங்க. கூடப் படிச்ச ஒருத்தன் மட்டும் இதெல்லாம் இல்லஸ்ட்ரேஷன், அதாவது கதைக்குப் போடுற படம், ஓவியம் இல்லன்னான். அடுத்த தடவை பிரிண்ட்டே வைக்கலன்னா ஒரிஜினல் போகுமா? ஒரிஜினல வித்தப்புறம் அதோட பிரிண்ட்ட நான் விக்கலாமா? வயசுல சின்னவன், நீன்னே கூப்பிடுங்க.

தம்பி,

வர்ற கடிதம் எல்லாத்துக்கும் என்னால எழுத முடியுறதில்ல. உன் கடிதத்துல ஒரு வார்த்தை என்னை உக்கார வச்சிடுச்சு. அதுக்கு வர்றேன், முதல்ல மத்தத முடிச்சிடுறேன்.

இல்லஸ்ட்ரேஷன்னு சொன்னவன விடு. 500 வருஷத்துக்கு முன்னாடியே போஷ்ங்குற ஓவியர் மனுஷன முழுங்குற பறவைத்தலை பூதத்த வரைஞ்சு வச்சிருக்கார். ஃப்யூஸெலிங்குற ஓவியர் 1781ல தூங்குற பொண்ணோட நெஞ்சு மேல ஒரு பேய உக்கார வச்சு, அடுத்த வருஷம் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சிலயே மாட்டினார். இதுக்கு மேல இதப் பத்திப் பேச வேண்டாம்.

பிரிண்ட் உரிமை: ஓவியத்த வித்தா பொருள்தான் கைமாறுது, காப்பிரைட் பெரும்பாலான நாடுகள்ல உன்கிட்டதான் இருக்கும், நீயா எழுதிக் கொடுத்தா ஒழிய. ஆனா 50 காப்பிதான்னு நம்பர் போட்டு வித்துட்டு 51வது அடிச்சியோ, அது திருட்டு.

பிரிண்ட் மேசைய எடுத்துட்டா ஒரிஜினல் போயிடும்ங்குறது தப்புக் கணக்கு. 1809ல கவிஞரும் ஓவியருமான ப்ளேக் லண்டன்ல அவங்க அண்ணனோட காலுறைக் கடை மாடியில 16 படத்த மாட்டி, கேட்டலாக்கும் தானே எழுதி, தனியா கண்காட்சி வச்சார். ஒரு படம்கூட விக்கல. பேப்பர்ல வந்த ஒரே விமர்சனமும் அவர பைத்தியக்காரன்னு எழுதுச்சு. உனக்கு ஒண்ணு போயிருக்கு தம்பி, அத சின்னதா நினைக்காத. முன்னபின்ன தெரியாத ஒருத்தர் உன் கனவ தன் வீட்டுச் சுவத்துல மாட்டுறேன்னு தூக்கிட்டுப் போயிருக்கார்.

அவரப் பத்தித்தான் நான் கேக்கணும். நீ போட்டது ஃப்ளோரசன்ட்னு அவர்கிட்ட சொன்னியா?

பதினாறு வருஷத்துக்கு முன்னாடி நான் வாழ்க்கைல முதல் முதலா ஒரு ஓவியம் வாங்கினேன். ராத்திரிக் கடல், ஆளே இல்லாத ஒரு படகு, மேல ஒரு ரோஸ் நிலா, அந்த வெளிச்சம் தண்ணில ஒழுகி படத்தோட அடி ஓரம் வரைக்கும் வரும். வரைஞ்ச பையனுக்கு அப்ப உன் வயசு இருக்கும், அந்த நிலாவ மட்டும் பதினோரு தடவை அழிச்சு அழிச்சுப் போட்டேன்னு சொன்னான். ரெண்டு தவணைல பணம் கட்டி எடுத்துட்டு வந்து ஜன்னலுக்கு எதிர் சுவத்துல மாட்டினேன், காலைல எழுந்ததும் கண்ணுல படணும்னு. நாலு வருஷத்துல நிலா வெளுத்து சாம்பலாயிடுச்சு. தினம் பாக்குறதால எனக்குத் தெரியவே இல்ல. வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறப்ப ஃப்ரேமக் கழட்டினேன், அப்பதான் பாத்தேன், ஃப்ரேம் மறைச்சிருந்த அடி ஓரத்துல மட்டும் விரல் அகலத்துக்கு அந்த ரோஸ் அப்படியே இருக்கு. கையில புடிச்சுட்டு தரையிலயே உக்காந்துட்டேன். அவனுக்கு ஃபோன் பண்ணா, "அந்த கலர் அப்படித்தான் அக்கா, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே"ங்கிறான். எனக்குத் தெரியாதே! வாங்குறவங்களுக்கு எப்படிடா தெரியும்?

ஃப்ளோரசன்ட்ங்குறது சாயத்த ரெசின்ங்குற பிசின் மாதிரிப் பொருளோட துகளுக்குள்ள ஏத்தி வச்சது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவயும் வாங்கி வெளிச்சமா திருப்பி விடுறதாலதான் அந்தப் பளபளப்பு, அந்த ஒளிதான் சாயத்த உடைக்கிறதும். முதல்ல மினுமினுப்பு போகும், பின்னாடியே கலரும் போகும். புற ஊதாவ வடிகட்டுற யுவி வார்னிஷ், யுவி கண்ணாடி எல்லாம் வெளுக்குறத தள்ளிப் போடும், தடுக்காது. வான்கோ 1888ல தன் படுக்கையறைய வரைஞ்சப்ப சுவர் வெளிர் ஊதான்னு அவரோட தம்பிக்கு எழுதினார், இன்னைக்கு நாம பாக்குறது நீலச் சுவர், ஏன்னா அந்த ஊதால இருந்த சிவப்பு வெளுத்துப் போச்சு. அவரோடது ஃப்ளோரசன்ட் பெயின்ட் இல்ல, ஆனா நோய் இதேதான்.

ட்யூபோட முன்னாடி இருக்குற அழகான பேரப் பாக்காத, பின்னாடி இருக்குற பிக்மென்ட் நம்பர, அதான் உள்ள இருக்குற நிறப்பொடியோட நம்பரப் பாரு. பிஆர் 122, பிவி 19 மாதிரி குவினக்ரிடோன்ங்குற நிறப்பொடில செஞ்ச ரோஸ் தாங்கும். பிஆர் 83, அதான் அசல் அலிஸரின்ங்குற சிவப்பு, வெளுக்கும். ஓபரா ரோஸ்னு வர்றதுல பெரும்பாலும் 122கூட ஃப்ளோரசன்ட் சாயத்தக் கலந்திருப்பாங்க, சாயம் செத்ததும் 122 மட்டும் மிஞ்சும். எதையும் நம்ப வேண்டாம், நீயே பாரு, உன்கிட்ட இருக்குற ஒவ்வொரு கலரையும் ஒரு அட்டைல பட்டையா இழு, பாதிய கறுப்பு அட்டையால மூடு, வெயில் விழுற ஜன்னல்ல மூணு மாசம் ஒட்டி வை, அப்புறம் மூடினத எடுத்துப் பாரு. ரோஸ் எரியணும்னா சுத்தி மங்கின பச்சை, சாம்பல் வச்சு எரிய வைக்கலாம். அது கஷ்டம்தான். ஆனா அது நீ வரையுறது, ஃப்ளோரசன்ட்ல எரியுறது ட்யூப் செய்யுறது.

கோவமா எழுதுறேன்னு நினைக்காத. ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாரு, உன் பிரிண்ட் நல்ல காகிதத்துல பிக்மென்ட் இங்க்ல அடிச்சதா இருந்தா, அந்த ரோஸ் விஷயத்துல அது உன் ஒரிஜினல விட அதிக நாள் நிக்கும். அப்ப அந்த 60 பேர் வாங்கினதுதான் நிலைக்கும், நம்பி அதிகமா பணம் கொடுத்த அந்த ஒருத்தரோடது நிலைக்காது. இது உனக்கு சரியா படுதா?

இன்னைக்கே அவருக்கு ஃபோன் போடு. வெயில் படாத சுவத்துக்கு மாத்தச் சொல்லு. வெளுத்தா நானே வந்து கலர் தொட்டு சரி பண்ணித் தர்றேன்னு சொல்லு, வேண்டாம்னா பணத்தத் திருப்பிக் கொடுத்துடு. பேசிட்டு அவர் என்ன சொன்னார்னு எனக்கு ரெண்டு வரி எழுது.

என்னோட நிலா இன்னும் வீட்டுலதான் இருக்கு. அந்த விரல் அகலமாவது இருக்கட்டும்னு பழைய ஃப்ரேமையே திரும்பப் போட்டு உள் ரூம்ல மாட்டியிருக்கேன். வருஷத்துக்கு ஒரு தடவை ராத்திரில கழட்டி அந்த ரோஸப் பாத்துட்டு மூடி வச்சிடுவேன்.

அன்புடன்,
அக்கா