வீடியோ ஆர்ட் சோறு போடுமா?

கேள்வி: மதுரையில் விஸ்காம் முடித்த என் மகள், வீடியோ ஆர்ட்டிஸ்ட் ஆகப்போகிறாளாம், எம்.எஃப்.ஏ. (கவின்கலை முதுகலை) படித்துவிட்டு ஓவியக் கல்லூரியில் பாடம் எடுக்கப்போகிறாளாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் தராசை மட்டும் முக்கால் மணி நேரம் எடுத்து வைத்திருக்கிறாள். கதையும் இல்லை, ஒரு முகமும் இல்லை. இது ஒரு பிழைப்பா?
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: பிழைப்புதான் அம்மா, ஆனால் சம்பளம் வகுப்பறையிலிருந்து வரும், வீடியோவிலிருந்து அபூர்வமாகத்தான் வரும். ஓவியம், சிற்பம் போல வீடியோவையே கேலரியில் வைக்கும் கலையாகச் செய்வதுதான் வீடியோ ஆர்ட். இந்தத் துறையின் தந்தை என்று சொல்லப்படும் கொரியக் கலைஞர் நாம் ஜூன் பைக்கே 1979 முதல் ஜெர்மனியில், டுசல்டார்ஃப் கலைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். 1974-இல் அவர் செய்தது என்ன தெரியுமா? ஒரு புத்தர் சிலை, எதிரே ஒரு டிவி, சிலையைப் பார்த்தபடி ஒரு கேமரா. புத்தர் டிவியில் தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். அதிலும் கதை கிடையாது.

உங்கள் மகள் எடுத்ததை மறுபடி பாருங்கள். அந்தத் தராசின் சிவப்பு எண்கள் ஏறி இறங்குவதும், ஒரு கை மல்லியை அள்ளிப் போடுவதும், இன்னொரு கை ஒரு பிடியைத் திரும்ப எடுப்பதும் பூக்காரர்களின் ஒரு நாள் கணக்கு இல்லையா? எனக்கு அதைப் பார்க்கவே ஆசையாக இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் விஷுவல் ஆர்ட் என்றே ஒரு பாடம் இருக்கிறது, அதை எழுதச் சொல்லுங்கள். யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விகிதப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், ஆனால் கௌரவ விரிவுரையாளராகப் போனால் இதற்குப் பக்கத்தில்கூட வராது, முதல் சில வருடங்கள் அப்படித்தான் ஓடும் என்று மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பக்கம் கும்பகோணத்திலும், 1850-இல் தொடங்கிய சென்னைக் கல்லூரியிலும் அரசு கவின்கலைப் படிப்பு இருக்கிறது. படிக்கும்போதே கொச்சி பினாலே என்கிற பெரிய கலைக் கண்காட்சியின் மாணவர் பிரிவுக்குப் படைப்பை அனுப்பிப் பார்க்கட்டும், பெரிய கேலரிக்காரர்களின் கண்ணில் பட அது நல்ல வழி.

அப்புறம் விற்பனை. வீடியோவை மூன்று, ஐந்து என்று குறைந்த பிரதிகளாக, கலைஞர் கையெழுத்திட்ட சான்றிதழோடு விற்பார்கள், அதனால் முழுசாக யூடியூபில் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்போதைக்குப் புதுக் கேமரா வாங்கித் தரவேண்டாம். ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கிக் கொடுங்கள், எடுத்ததை எல்லாம் இரண்டிலும் பத்திரமாக வைக்கட்டும்.