திருகோணமலை போன்ற கரையோர நகரத்தில் பொலிஸும் மக்களும் சேர்ந்து குற்றங்களைத் தடுக்க முடியுமா?

முடியும். ஆனால் "பொதுமக்கள் தகவல் தந்து உதவுங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போவதால் அது நடக்காது. நான் திருகோணமலை நகரத்துக் கடற்கரையோரம் பிறந்து வளர்ந்தவன். எங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவின் சிவில் பாதுகாப்புக் குழுவில் 4 வருஷம் செயலாளராக இருந்தேன். அங்கே கண்டதை வைத்தே சொல்கிறேன்.

முதல் கூட்டம் முன்பள்ளிக் கட்டடத்தில் நடந்தது. 40 கதிரை போட்டோம், 11 பேர் வந்தார்கள். பொலிஸிலிருந்து வந்த சேர் நல்ல மனிதர். "உங்கட இடத்தில என்ன பிரச்சினை?" என்று கேட்டார். எல்லோரும் "ஒண்டும் இல்லை சேர்" என்றார்கள். தேநீர் குடித்தார், வரவுக்குக் கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். அவருடைய மோட்டார் சைக்கிள் சந்தி திரும்பியதும் கேற்றடியில் பேச்சுத் தொடங்கியது. யாருடைய படகில் இஞ்சின் போனது, எந்த ஒழுங்கையில் ஐஸ் என்ற போதைப்பொருள் விற்கிறார்கள், டியூட்டரிக்கு என்று சொல்லிவிட்டு எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது, எல்லாம் வந்தது. அரை மணித்தியாலம் பேசினார்கள்.

அதை ஏன் உள்ளே சொல்லவில்லை? எங்கள் ஊரில் தகவல் சொல்வதற்கு இன்னொரு பெயர் இருக்கிறது, காட்டிக்கொடுப்பது. யுத்த காலத்தில் சுற்றிவளைப்பு என்றால் ஆண்களை வரிசையில் நிறுத்துவார்கள். முகத்தை மூடிய ஒருவர் முன்னால் இருப்பார். அவர் தலையை ஆட்டினால் அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். அவரைத் தலையாட்டி என்போம். வயது 50ஐத் தாண்டிய எங்கள் ஆட்களுக்கு, பொலிஸிடம் ஒரு பெயரைச் சொல்வது என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அந்த மூடிய முகம்தான். குழுவின் பெயரும் எங்களுக்கு உதவவில்லை. யுத்த காலத்தில் ஆயுதம் கொடுக்கப்பட்டிருந்த ஊர்காவல் படையைத்தான் 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் ஆக்கினார்கள். எங்களுடையது அதுவல்ல, ஆயுதமும் சம்பளமும் இல்லாத அயலவர் குழு. ஆனாலும் "பேர் குடுத்தா என்ர மகனுக்குத் துவக்குத் தருவாங்களா தம்பி?" என்று கேட்ட ஒரு அம்மாவுக்கு நான் வீட்டுக்குப் போய் இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. அவர் பயந்ததில் ஒரு பிழையும் இல்லை.

எங்கள் பகுதியில் இது மாறத் தொடங்கியது இஞ்சின் களவால்தான். கார்த்திகையிலிருந்து தை வரை வாடைக்காற்று. கடல் கொந்தளிப்பாக இருக்கும், படகுகளை மேலே இழுத்து வைத்துவிடுவோம். இரவில் வாடிப் பக்கம் (மீனவர் தங்கும் கொட்டில்கள்) ஆள் இருக்காது. அந்த வருஷம் ஒரே மாதத்தில் இரண்டு 25 குதிரைவலு இஞ்சின்கள் போயின. ஒரு மீனவக் குடும்பத்துக்கு இஞ்சின் போனால் வருமானம் முழுவதும் போனது மாதிரி. முறைப்பாடு கொடுக்கப் போன அண்ணனிடம் இஞ்சின் இலக்கத்தைக் கேட்டார்கள். அவரிடம் இல்லை. வாங்கிய பற்றுச்சீட்டும் இல்லை. இலக்கம் தெரியாமல் வேறொரு கரையில் அந்த இஞ்சினைக் கண்டாலும் அது அவருடையது என்று நிரூபிக்க வழியில்லை.

அதற்குப் பிறகு ஒரு சீஆர் கொப்பி வாங்கினோம். கடற்றொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து படகுப் பதிவிலக்கம், இஞ்சின் இலக்கம், உரிமையாளர் பெயர், ஒரு படம், இவ்வளவையும் எழுதிச் சேர்த்தோம். இஞ்சின் மூடியின் உள்பக்கம் ஆணியால் ஒரு அடையாளம் குத்தினோம். கொப்பியின் பிரதி ஒன்றைப் பொலிஸுக்குக் கொடுத்தோம். கேட்க மிகச் சிறிய வேலை. ஆனால் பொலிஸிடம் பயமில்லாமல் எங்கள் ஆட்கள் கொடுத்த முதல் தகவல் அதுதான். அதில் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தங்கள் பொருளைப் பற்றித்தானே சொன்னார்கள்.

அப்புறம் இரவுக் காவல். 11 மணியிலிருந்து 4 மணி வரை, இரண்டு இரண்டு பேராக, டோர்ச்சும் விசிலும் மட்டும். தடி, பொல்லு கூடாது என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினோம். (எங்கள் நகரத்தில் புள்ளிமான்கள் தெருவில் திரியும். டோர்ச் அடித்தால் இருட்டில் ஏழெட்டுக் கண்கள் ஒன்றாக மின்னும். புதிதாகக் காவலுக்கு வருபவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.) தடி வேண்டாம் என்றதன் அருமை ஒரு இரவில் தெரிந்தது. நைலோன் கயிற்றுச் சுருளைத் தூக்கிக்கொண்டு போன ஒரு பொடியனைப் பிடித்துவிட்டார்கள். 17 வயதுதான் இருக்கும். நான் போய்ச் சேர்வதற்குள் அவனைப் பூவரசில் கட்டியிருந்தார்கள். இரண்டு பேர் அடிக்கவும் தொடங்கியிருந்தார்கள். அவிழ்த்து, தண்ணீர் கொடுத்து, பொலிஸ் வரும்வரை பக்கத்தில் இருத்தினோம். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, கண்முன்னே பாரதூரமான குற்றம் செய்பவரைப் பொதுமகனும் பிடிக்கலாம். ஆனால் தாமதிக்காமல் ஒப்படைக்க வேண்டும். அடிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. காவல் குழு தண்டிக்கும் குழுவாக மாறினால் அதைக் கலைத்துவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பொடியன் கயிற்றை விற்று ஐஸ் வாங்கப் போயிருக்கிறான். அதைக் கேட்டதும் அடித்த இருவரில் ஒருவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய வீட்டிலும் அதே வயதில் ஒரு மகன்.

ஐஸ் பற்றிப் பேசும்போதுதான் இந்தக் கேள்விக்கு உண்மையான சோதனை வருகிறது. இஞ்சின் களவுக்கு ஊர் ஒன்றுகூடும். ஐஸ் விற்பவன் அதே ஒழுங்கையில் இருப்பவன், யாருக்கோ மருமகன். எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா ஒருநாள் காலையில் பொலிஸில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அன்று பின்னேரமே ஒருவன் கேற்றில் வந்து நின்று, "அக்கா, காலமை எங்கயோ போயிட்டு வந்தீங்களாம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்த ஒழுங்கையில் யாரும் வாய் திறக்கவில்லை. சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டமும் வந்தது. ஆனால் தகவல் யாரிடமிருந்து கசிந்தது என்று கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்காமல், "பயப்படாமல் சொல்லுங்கள்" என்று அந்த அக்காவிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் குழுக் கூட்டத்தில் போதைப்பொருள் பற்றி எந்தப் பெயரும் பேசுவதில்லை என்று முடிவெடுத்தோம். சொல்ல விரும்புபவர் குழுவுக்கும் சொல்லத் தேவையில்லை, உயர் அதிகாரி ஒருவரிடம் நேரே சொல்லலாம். இப்படிச் செய்த பிறகுதான் மெல்ல மெல்ல வாய் திறந்தார்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தான் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, "இதில சைன் பண்ணுங்க" என்று நீட்டினால், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒரு மனிதர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? எனக்கே அது நடந்திருக்கிறது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. முறைப்பாட்டைத் தமிழில் பதியும்படி கேட்பது நமது உரிமை, தயங்காமல் கேளுங்கள். பிறகு எங்கள் பகுதிக்கு வந்த ஒரு சார்ஜன்ட், தெற்கிலிருந்து வந்தவர், கடைக்காரர்களிடம் பேசிப் பேசியே தமிழ் பழகினார். "வாங்க, இருங்க, என்ன நடந்த?" என்று அவர் கொச்சையாகக் கேட்டது, அதுவரை நடந்த எல்லாக் கூட்டங்களையும் விட அதிக ஆட்களைக் கொண்டுவந்தது. அவர் இடமாற்றம் பெற்றுப் போனபோது கூட்டத்துக்கு வரும் ஆட்களும் பாதியாகிவிட்டார்கள். ஒரு தனி மனிதரில் இவ்வளவு தங்கியிருப்பது இந்த முறையின் பெரிய பலவீனம்.

வேலித் தகராறு, கடன், வடிகால் சண்டை போன்றவற்றை, இரு பக்கத்தையும் பேச வைத்து இணக்கம் காணும் மத்தியஸ்த சபைக்கு அனுப்பலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த ஏற்பாடு அது. வாய்ச்சண்டை வெட்டுக்குத்தாக மாறுமுன் தடுக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டவரின் பை களவு போவது வேறு கதை, அதற்குச் சுற்றுலாப் பொலிஸ் இருக்கிறது.

உங்கள் இடத்தில் தொடங்குவதானால், முதலில் விதானையாரைப் பிடியுங்கள். பழைய விதானைப் பதவிக்குப் பதிலாக 1963இல் கிராம சேவகர் வந்து, பிறகு அவர் கிராம உத்தியோகத்தர் ஆனாலும் எங்களுக்கு அவர் இன்றும் விதானையார்தான், எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். கோயில், பள்ளிவாசல், விகாரை மூன்றிலிருந்தும் ஆள் எடுங்கள், களவெடுத்த சாமான் ஒரு சமூகத்தின் தெருவில் மட்டும் விற்கப்படுவதில்லை. பெண்கள் பாதிப் பேராவது இருக்கட்டும். பொலிஸின் 119 மட்டுமல்லாமல் சிறுவருக்கான 1929, பெண்களுக்கான 1938 இலக்கங்களையும் கடைச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். வாடை தொடங்குமுன் இஞ்சின் இலக்கங்களை எழுதி முடித்துவிடுங்கள்.