அக்காவிடம் கேளுங்கள்: சாவியைக் கொடுத்தேன், மற்றதைக் கொடுக்கவில்லை

கேள்வி: ஸ்தோத்திரம் அக்கா. எங்கள் ஊர் சபையில் 14 வருஷம் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளராக இருந்தேன். இந்த வருஷம், கலியாணமாகி வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஒரு டீச்சரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அசனத்துக்கு (சபை விருந்துக்கு) விடிய விடிய வெங்காயம் உரித்தவள் நான். நன்றி சொல்லும்போது என் பெயரை வாசிக்கவே இல்லை. "தாழ்மையாய் இரு" என்கிறார் ஐயரம்மா (போதகரின் மனைவி). நோட்டையும் பீரோ சாவியையும் கேட்டு ஆள் விடுகிறார்கள். கொடுக்க மனசு வரவில்லை. (சாத்தான்குளம் பக்கத்து வாசகி)

பதில்: தங்கச்சி, பெயரை வாசிக்காமல் விட்டது தப்புதான். வலிக்கிறது என்று சொல்வது பெருமை ஆகாது. ஐயரிடம் நேரில் போய், குரலை உயர்த்தாமல், "எனக்கு வருத்தமாக இருந்தது" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடு. தெருவில் யாரிடமும் சொல்லாதே.

சாவிக்கு வருகிறேன். 1987-ல் நான் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். வார்டு சிஸ்டர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் எனக்குத்தான் என்று இருந்தேன். என்னைவிட ஆறு வயது இளையவளைப் போட்டார்கள். மருந்து அலமாரிச் சாவியை அவள் கையில் கொடுத்தேன், மற்றதைக் கொடுக்கவில்லை. யார் வலியை மறைப்பார், எந்தக் கட்டிலின் சக்கரம் நிற்காது என்பதெல்லாம் எந்த நோட்டிலும் இருக்காது, என் தலைக்குள் இருந்தது. அவளே கண்டுபிடிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பதினோராம் கட்டிலில் சர்க்கரை வியாதிக்கார தாத்தா ஒருவர். மகள் பஸ் பிடித்து வந்து சேரும்வரை ஒரு வாய் சாப்பிட மாட்டார். அதனால் அவள் தலை வாசலில் தெரிந்த பிறகுதான் நான் இன்சுலின் போடுவேன். இதையும் நான் சொல்லவில்லை. ஒருநாள் காலை பஸ் தாமதம். புது சிஸ்டர் நேரத்துக்கு ஊசி போட்டுவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது தாத்தாவின் பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. உதடு நடுங்கியது, பேச்சு குழறியது. சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக வாயில் விட்டேன். என் கை நடுக்கத்தில் பாதி அவர் கழுத்தில் வழிந்தது. பிழைத்துக்கொண்டார், தேவனுக்கு ஸ்தோத்திரம்.

சிஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். "வேற என்னென்ன தெரியும் அக்கா? சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றாள். ஒரு மணி நேரம் எழுதினாள். அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றபடிதான் நான் மூத்தவள் என்ற எண்ணத்தை இறக்கி வைத்தேன்.

ஆகவே, நீயே அந்த டீச்சர் வீட்டுக்குப் போ. எந்தக் கடையில் அரிசி கடனுக்குத் தருவார்கள், அசனப் பாத்திரம் யார் வீட்டில் நிற்கிறது, எந்த விதவை கிறிஸ்மஸ் சேலையை எல்லார் முன்னாலும் வாங்கக் கூசுவாள் என்று ஒன்று விடாமல் சொல்லிக் கொடு. யோவான் 13-ஐ மறுபடி வாசி. இயேசு சீடர்களின் கால்களைக் கழுவச் சீலையை எடுத்துக் கட்டிக்கொள்ளுமுன், தாம் தேவனிடத்திலிருந்து வந்ததையும் தேவனிடத்திற்குப் போகிறதையும் அறிந்திருந்தார் என்று எழுதியிருக்கிறது. தாம் யார் என்று அறிந்தவர்தான் குனிந்தார். செயலாளர் என்ற பெயர் போனால் நீ யார் என்பதும் போய்விடுமா, தங்கச்சி? அன்றைக்கு அவர் கழுவின கால்களில் யூதாஸின் காலும் உண்டு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பேச்சு வராது.

கேள்வி: லாரி ஓட்டினேன், விபத்தில் கால் போனது. மனைவி பீடி சுற்றித்தான் குடும்பம் ஓடுகிறது. ராத்திரி "உம் சித்தம் ஆண்டவரே" என்று ஒப்புக்கொடுக்கிறேன். காலையில் அவள் என்னைத் தூக்கி உட்கார வைக்கும்போது கோபம் வந்துவிடுகிறது. என் ஒப்புக்கொடுத்தல் பொய்யா? (ஆலங்குளம் வாசகர்)

பதில்: பொய் இல்லை, தம்பி. கெத்செமனேயில் ஆண்டவரே மூன்று தடவை அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார். நீயும் தினமும் சொல்லு. உன் பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவரைச் சொல்கிறேன், அப்படி அழைக்கப்பட அவருக்கு உரிமை உண்டு. அயர்லாந்தில் பிறந்து டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் இருட்டில் குழிக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டார். 1951-ல் கண்மூடும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். பிறரைத் தூக்கிச் சுமந்தவர் பிறர் கையால் பராமரிக்கப்பட்டார், படுத்தபடியே எழுதினார். கல்லறையில் தனக்குக் கல் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியைத்தான் பிள்ளைகள் அங்கே வைத்தார்கள்.

"நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு சொன்னது எவ்வளவு பணிவாகத் தெரிகிறது! ஆண்டவர் அதை ஏற்கவில்லை. உன் மனைவி தூக்கும்போது அவள் தோளைப் பிடித்துக்கொள், முகத்தைத் திருப்பாதே. உட்கார்ந்த பிறகு கத்தரியை வாங்கி அவளுக்கு இலை வெட்டிக் கொடு.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். "கிறிஸ்தவப் பெண் தாழ்மையாக எல்லாவற்றையும் சகிக்க வேண்டும்" என்கிறார் மாமியார். அம்மா வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். (பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்)

பதில்: மகளே, அவர்கள் சொல்வது வேத சத்தியம் இல்லை. பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் அறைந்தபோது இயேசு, "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். யோவான் 18:23, மாமியாரிடமே வாசித்துக் காட்டலாம். பவுலும் தனக்கு நியாயம் கிடைக்க இராயனுக்கு (ரோமப் பேரரசனிடம்) அபயமிட்டார். நீ 181-க்கு போன் பண்ணு, பெண்களுக்கான உதவி எண் அது, காசு ஆகாது. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் உன்னைப் போன்றவர்களுக்காகவே வந்தது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், உன் ஆதார், கொஞ்சம் பணம் மூன்றையும் ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒருத்தியிடம் கொடுத்து வை. இந்த இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கக்கூடாது என்று, நீ குறிப்பிட்டிருந்த தோழியின் முகவரிக்குப் போன வாரமே பதில் போட்டுவிட்டேன். கிடைத்ததும் ஒரு வரி எழுது.