தங்கச்சிய ஷால் போடுன்னு அதட்டுறான், அவன் போய் பஸ் ஸ்டாண்டுல நிக்கான்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் கல்ஃப்ல, பையன் பிளஸ் ஒன், தங்கச்சி ஷால் இல்லாம வெளிய போனா கத்துறான், அவ போன எடுத்து நோண்டுறான், ஆனா சாயந்திரம் ஆனா கூட்டுக்காரன்மாரோட மார்த்தாண்டத்துல நின்னுட்டு ஒரு பிள்ளைக்கு பின்னாலயே நடக்கானாம். கேட்டா "வீட்டுல ஆம்பள நான்தானே"ன்னு பதில்.

ரெண்டும் ஒரே வியாதிதான். அந்த "ஆம்பள நான்தானே" எங்க இருந்து வந்துச்சுன்னு பாருங்க, அப்பா போன்ல "இனி நீதாம்லே வீட்ட பாக்கணும்"னு சொல்லியிருப்பாரு, என்ன பாக்கணும்னு சொல்லியிருக்க மாட்டாரு. அடுத்த தடவை போன் பண்ணும்போது அவரையே விவரமா சொல்ல சொல்லுங்க: கரண்ட் பில் கட்டு, அம்மைக்கு காய்ச்சல்னா நீ சோறு வை, தங்கச்சி போன தொடாத. பொறுப்புன்னா வேலை, அதிகாரம் இல்லன்னு அப்பா வாயால கேட்டா ஏறும். (அவன் சாப்பிட்ட தட்ட இப்ப யாரு கழுவுறா? மகள்னா அதையும் இன்னைக்கே நிறுத்துங்க.)

ஷால் விஷயத்துக்கு நம்ம ஊரு கதையே போதும். இங்க கீழ்சாதின்னு ஒதுக்கி வச்ச பொம்பளைங்க மார்ப மறைக்க கூடாதுன்னு ஒரு காலத்துல அடிச்சாங்க, தோள்சீலைக்காக எத்தனையோ வருஷம் போராடி 1859-லதான் அப்ப இந்த ஊர ஆண்ட திருவிதாங்கூர் ராஜா இறங்கி வந்தாரு. அன்னைக்கு போடாதன்னான், இன்னைக்கு போடுங்கான், அவகிட்ட கேட்டது யாருன்னு அவன்கிட்டயே கேளுங்க.

பின்னால நடக்க விஷயத்த உக்கார வச்சு பேசாதீங்க, மீன் வெட்டும்போதோ பைக்ல போகும்போதோ கேளுங்க: "அந்த பிள்ள திரும்பி சிரிச்சாளா, இல்ல நடைய வேகமாக்கினாளா மக்களே?" கேட்டுட்டு சும்மா இருங்க, அவனே யோசிக்கட்டும். கூட்டுக்காரன்மாருக்கு முன்னால மானம் போகும்னுதான் பல பயலுவளும் நிக்கானுவ, அதனால தப்பிக்க ஒரு வார்த்தை குடுங்க, "அதுக்கு பிடிக்கலடே, வா சாயா குடிப்போம்" மாதிரி. சட்டத்தையும் ஒருதடவை சொல்லிருங்க, பதினெட்டு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைய தப்பான எண்ணத்தோட விடாம பின்தொடர்ந்தா, இன்ஸ்டாவுல மெசேஜ் போட்டாலும் சரி, அது போக்சோ. அவன் சின்னப் பையன்னாலும் சிறார் நீதிக் குழுமம் வரைக்கும் போகும். தினமும் சொல்லி பயமுறுத்தினா மறைக்கத்தான் படிப்பான்.

கை நீட்டுற அளவுக்கு போனா பிள்ளைங்களுக்கு 1098, பெண்களுக்கு 181, ரெண்டும் காசு இல்லாத நம்பர்.

அப்புறம் மகள தனியா கூப்பிட்டு பேசுங்க. நீங்க எழுதினதுல அவ என்ன சொன்னான்னு ஒரு வரி கூட இல்ல.