முழுநேர வேலையில் இருந்துகொண்டே நாவல் எழுத முடியுமா?

முடியும். எழுத்தை மட்டுமே நம்பிப் பிழைத்தவர்கள் எப்போதும் குறைவுதான். ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்கா 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார். எழுதியது பெரும்பாலும் இரவில். ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ரோலப் அஞ்சல் துறை அதிகாரி. விடிகாலை 5.30-க்கே மேசைக்கு வந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதுவார். மொத்தம் 47 நாவல்கள்! கலைஞன் இப்படிக் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் ட்ரோலப் கட்சி.

நீங்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 300 சொல், வாரத்தில் ஐந்து நாள் என்றால் ஓராண்டில் 78,000 சொற்கள். ஒரு நாவலின் முதல் வரைவுக்குத் தாராளம். (திருத்தி எழுத இன்னொரு ஆண்டு போகலாம், அது வேறு கதை.)

உண்மையான சிக்கல் நேரம் அல்ல, தொடர்ச்சி. அலுவலகம் போய் வந்தால் கதையில் விட்ட இடத்தின் சூடு ஆறிவிடும். அதனால் அத்தியாயத்தை முடித்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். அடுத்து யார் என்ன பேசப்போகிறார் என்று தெரிந்திருக்கும்போதே, பாதி உரையாடலில் நிறுத்துங்கள். மறுநாள் முதல் வரிக்காக முட்டிமோத வேண்டியிருக்காது.